நான்காம் ஆளின் பக்கம்

அப்பாவிடம் ஒரு கறுப்புப் பேனை இருந்தது. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. எட்மண்டனில் நாங்கள் இருந்த, நகரசபைக்குச் சொந்தமான கவுன்சில் கட்டிடத்தின் நான்கு மாடிகளிலிருந்தும் பெனிபிட் என்ற உதவிப்பணப் படிவம், விசாப் படிவம், பள்ளிக்கூட அனுமதி என்று கடதாசிகள் எங்கள் கதவைத் தேடி வரும். அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, மேசையில் பழைய பேப்பர் விரித்து, பூசைக்கு ஆயத்தமாகும் குருவானவரைப் போல அந்தப் பேனையின் மூடியைக் கழற்றுவார். அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் நடக்கும். ஆனால் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் கவுன்சில்காரர் உடனே மறுமொழி போடுகிறார்கள் என்று அம்மா நம்பினார்.

கேள்விகளை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பதவி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வயது அண்ணா காதில் வயரை மாட்டிக்கொண்டு அறைக்குள் கிடப்பான். அவனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்பதும் என் பெருமையில் ஒரு பங்கு.

குடிசனக் கணக்கெடுப்பு வந்தது அந்த வருடம்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஊதா நிறத்தில் ஒரு தடித்த படிவம் போட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், அவர்கள் யார், எங்கே பிறந்தார்கள், என்ன இனம், என்ன மொழி என்று ஆளுக்கு நாலைந்து பக்கம். மேல் மாடியிலிருந்து முதலில் படிவத்தோடு வந்தவர், நாங்கள் மதாம் என்று கூப்பிடும் பெண்மணி.

மதாமை எங்களுக்கு மாதா கோயிலில் பழக்கம். அவர் தன் வீட்டாரோடு பிரெஞ்சில் பேசுவதைக் கேட்ட அம்மா, இவர்கள் பாரிஸ் ஆட்கள் என்று தானே முடிவுகட்டி, அங்கே தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருக்கும் எங்கள் சின்னம்மாவைத் தெரியுமா என்று என்னைக்கொண்டு கேட்பித்தார். மதாம் வயிறு குலுங்கச் சிரித்தார். தான் பாரிசை இன்னும் கண்டதேயில்லை, தன் நாடு ஹெயிட்டி என்றார். ஹெயிட்டி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து அப்பாவும் அம்மாவும் நானும் மதாம் வீட்டுக்குப் படிவம் எழுதப் போனோம். உள்ளே கால் வைத்ததும் அம்மா நின்றுவிட்டார். சுவரில் ஒரு மாதா படம். முகம் கறுப்பு, கன்னத்தில் வெட்டுக்காயம்போல இரண்டு கோடுகள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு என் காதில் குசுகுசுத்தார்.

"மாதாவுக்கு ஆரடி இப்பிடி வெட்டினது?"

அந்த வீட்டில் நான்கு பேர். மதாம் நல்ல கறுப்பு. அவருடைய தங்கையோ சுண்ணாம்பு நிறத்தில், பூனைக்கண்ணோடு இருந்தார். இருவருக்கும் ஒரே அப்பா, அம்மாக்கள் வேறு. அந்த அப்பா ஒருகாலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இப்போதும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நாலாவது ஆள் மதாமின் தம்பி மகன். பத்தொன்பது வயது. முந்தைய வருடம் அவர்கள் நாட்டில் பெரிய நிலநடுக்கம் வந்த பிறகு இங்கே வந்தவன். யாராவது கதவைப் பலமாகச் சாத்தினால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொள்வான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இனம் என்ற கேள்வி வந்ததும் அப்பா பூனைக்கண் தங்கையைப் பார்த்து, கேளாமலே வெள்ளை என்ற பெட்டிக்குப் பேனையைக் கொண்டுபோனார். தங்கை பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். தான் கறுப்பி என்றார். அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்; நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன் என்று சத்தியம் பண்ணவேண்டி வந்தது. அப்போது கிழவர் தொண்டையைச் செருமினார். தங்கள் சனத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் வம்சம், கொஞ்சம் கலப்பு, கொஞ்சம் சிரியாப் பக்கமிருந்து கடைபோட வந்தவர்கள் என்று வகுப்பெடுக்கத் தொடங்கினார். தங்கையின் தாய் பிறந்த கிராமத்தில் போலந்துச் சிப்பாய்களின் பரம்பரை இருக்கிறதாம். பிரெஞ்சுக்காரர் அடிமைகளை அடக்கக் கூட்டிவந்த சிப்பாய்களில் சிலர், அடிமைகளின் பக்கம் மாறி அங்கேயே தங்கிவிட்டார்களாம். அந்த மாதா படமும் அவர்களோடு வந்ததுதானாம். விடுதலை கிடைத்து நாடு பிறந்தபோது, இங்கே உள்ள அனைவருக்கும் இனிமேல் கறுப்பர் என்றே பெயர் என்று சட்டத்தில் எழுதினார்களாம்.

"வெள்ளைக்காரனையும் கறுப்பெண்டு எழுதின நாடோ!" என்று அப்பா வாயைப் பிளந்தார். நான்கு பேரையும் ஒரே பெட்டிக்குள் போடலாம் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதியும் தெரிந்தது.

மொழிக்கு வந்தபோது வீடு இரண்டுபட்டது. கிழவர் பிரெஞ்சு என்று எழுது என்றார். மதாம் கிரியோல் என்றார். படித்தவர் வீட்டில் பிரெஞ்சுதான் என்று கிழவர் தடியால் தரையைத் தட்ட, இருவரும் பெரிய குரலில் வாதாடினார்கள்.

"இப்ப சண்டை பிடிக்கிறது என்ன பாஷையில எண்டு கேள்," என்றார் அப்பா.

கேட்டேன். கிரியோலில்தான் என்று தங்கை சிரித்துக்கொண்டு சொன்னார். அப்பா கிரியோல் என்று எழுதினார். கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று பேர் முடிந்து நான்காம் ஆளின் பக்கம் வந்தது. அப்பா பெடியனை ஏறிட்டுப் பார்த்தார். வயது என்ன என்றார். பத்தொன்பது என்றேன். அவனுடைய விசாக் கேஸ் முடிந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னார். இன்னும் முடியவில்லை, உள்நாட்டு அமைச்சிலிருந்து கடிதம் வரவேண்டும் என்றார் மதாம். அப்பா பேனையை மூடினார். மிச்சத்தை வீட்டில் வைத்து எழுதித் தபாலில் போடுகிறேன், முன்பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டும் வைத்துவிடுங்கள் என்றார். மதாம் நம்பி வைத்தார்.

வீட்டில் அப்பா முதற்பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் மூன்று என்று எழுதி உறையை ஒட்டினார். எனக்குப் பதறிவிட்டது. கணக்கில் பிழை விட்டால் என் பதவிக்கல்லவா இழுக்கு?

"அப்பா, நாலாம் ஆள்?"

"அது தேவையில்லை. நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

"அந்தப் பெடியன்ர நன்மைக்குத்தான்," என்றார் அம்மா அடுப்படியிலிருந்து. "பேர் போனால் ஆபத்து."

எங்கள் வீட்டுப் படிவத்தை அப்பா எனக்குச் சொல்லாமல் முதலே, நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், தனியே எழுதி ஒட்டிவிட்டிருந்தார். அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இரண்டு உறைகளும் எங்கள் சுவரில் தொங்கிய மடு மாதா படத்துக்குக் கீழே, சனிக்கிழமை தபாலுக்காகக் காத்துக் கிடந்தன.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு இன்றைக்கும் இல்லை. அப்பா ஒரு பெடியனை அரசாங்கத்திடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறார்! இவ்வளவு பெரிய வீரச்செயலை எப்படிச் சொல்லாமல் இருப்பது? வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, உடுப்புத் தோய்த்த கூடையோடு மதாம் படியேறிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் முன்னால் நின்றேன். நீங்கள் பயப்படவேண்டாம், அப்பா உங்கள் மருமகனின் பெயரை எழுதவில்லை, அவர் இங்கே இருப்பதே ஒருவருக்கும் தெரியவராது என்றேன். சாக்லேட் ஏதாவது தருவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்.

கூடை அவர் கையிலிருந்து விழுந்தது. ஈரச் சட்டைகள் படி படியாக உருண்டன. மதாம் சுவரைப் பிடித்தார். அவர் வாயிலிருந்து வந்தது அழுகையா கத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியொரு சத்தத்தைப் பெரிய ஒருவரிடமிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு இறங்கினார். என் கை வலித்தது. நல்லது செய்தவருக்கு இதுவா கைம்மாறு என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கை வைத்திருந்தார். மதாம் கதவடியில் நின்றபடியே சொன்னதை நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினேன். அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, நான்கு வயது மகள் மூவரும் வீடு இடிந்து செத்தார்கள். லாரியில் மண் அள்ளுவதுபோல அள்ளிக்கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே ஒரு குழியில் கொட்டினார்கள். யாரும் பெயர் கேட்கவில்லை. யாரும் எண்ணவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

"அந்த வீட்டில் மிஞ்சியவன் இவன் ஒருவன்தான்," என்றார் மதாம். "அவனையும் எண்ணாமல் விட நீ யார்?"

அப்பா சோற்றுக் கையோடு எழுந்தார். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினார். வரவில்லை. தமிழுக்கு மாறி, என்னைப் பாராமலே, "சொல்லு," என்றார்.

"எங்கட ஊரிலயும் லிஸ்ட் கேட்டவங்கள் எண்டு சொல்லு. ஆமிக்காரன். வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு எழுதித் தரச் சொன்னவன்."

சொன்னேன்.

"என்ர எழுத்து வடிவு எண்டு என்னைப் பெத்த ஐயா என்னைத்தான் எழுதச் சொன்னவர். எனக்குப் பதினாலு வயசு. எல்லார் பேரும் எழுதினன். அண்ணையின்ர பேரும் எழுதினன். வயசு பத்தொன்பது எண்டும் எழுதினன்."

அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாரா? எனக்கு ஒரு பெரியப்பாவா? வீட்டில் அப்படியொரு படம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"சொல்லு," என்றார் அப்பா மறுபடியும்.

சொன்னேன்.

"ரெண்டு கிழமையால அதே லிஸ்ட்டோட வந்தவங்கள். வாசலில நிண்டு பேர் வாசிச்சவங்கள். என்ர கையெழுத்தைத் தூரத்திலயே கண்டிட்டன். அண்ணை ஓம் எண்டு சொல்லிக்கொண்டு முன்னுக்குப் போனவர்."

பிறகு என்ன நடந்தது என்று மதாம் கேட்டார்.

"பிறகு ஒண்டும் இல்லை," என்றார் அப்பா. அதை மொழிபெயர்ப்பது சுலபமாக இருந்தது.

மதாம் எங்கள் கதிரையில் இருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன் அண்ணனின் பெயர் என்ன என்று கேட்டார். அப்பா சொன்னது எங்கள் அண்ணாவின் பெயர்.

"அப்பா, அது எங்கட அண்ணான்ர பேரெல்லோ?"

"ஓம்," என்றார் அப்பா.

மனுசன் பதற்றத்தில் பெயரை மாறிச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. மன்னிக்கவேண்டும், அப்பா தன் மகனின் பெயரைச் சொல்லிவிட்டார் என்று மதாமிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். மதாம் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, தன் மருமகனின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.

அப்பா கை கழுவி வந்தார். மாதா படத்துக்குக் கீழிருந்த மதாமின் உறையைக் கிழித்தார். நான்காம் ஆளின் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக வைத்தார். எனக்கு இன்னொரு அதிர்ச்சி: அந்த எழுத்துகள் கோணிக்கொண்டு பெட்டிக்கு வெளியே போயின. மூன்றை வெட்டி நான்கு என்று போட்டபோது மை தெறித்தது. மதாம் படிவத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மடு மாதாவுக்கு ஒரு சிலுவை போட்டுவிட்டு மேலே போனார்.

அப்பா கதவைச் சாத்தவில்லை. நேரே போய் எங்கள் உறையை எடுத்தார்.

"வேண்டாமப்பா, விடுங்கோ," என்றார் அம்மா.

அப்பா கத்தியால் கீறினார். எட்டிப் பார்த்தேன். ஆட்கள் மூன்று. முதலாம் ஆள் அப்பா, இரண்டாம் ஆள் அம்மா, மூன்றாம் ஆள் நான். அண்ணாவைக் காணவில்லை! இந்த ஊர் மருத்துவமனையிலேயே பிறந்து, இந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அண்ணாவை அப்பா விட்டுவிட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் படிவம் எழுதுகிறவருக்குத் தன் வீட்டில் நாலு பேரை எண்ணத் தெரியவில்லை! இனி இடமுள்ளது நான்காம் ஆளின் பக்கத்தில்தான். அப்படியென்றால் அரசாங்கக் கணக்கில் நான் அண்ணாவுக்கு முன்னால்! சந்தோசம் தாங்காமல் அறைக்குள் ஓடி, அவன் காது வயரைப் பிடுங்கி விசயத்தைச் சொன்னேன்.

அண்ணா எழுந்து வந்தான். மேசையருகே நின்று, தன் பெயர் கோணல் மாணலாக இறங்குவதைக் குனிந்து பார்த்தான்.

"என்னை மறந்திட்டீங்களோ அப்பா?"

அப்பா தலை நிமிரவில்லை.

"மறக்கேல்லை. மறந்திருந்தால் எழுதியிருப்பன்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்பாவுக்கு ஆங்கிலம்தான் தட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன், தமிழும் தலைகீழாகத்தான் வருகிறது என்று அண்ணாவின் காதில் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. அம்மா எங்கள் இருவரையும் அதட்டாமல் அடுப்படிக்குள் போனது ஏன் என்று விளங்காமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு நோகச் சிரித்தோம்.