அத்தானின் படகும் அதன் இரட்டையும்

போர்க்கப்பலுக்குக் கணினியில் இரட்டை செய்வதுதான் என் வேலை. கப்பல் இயந்திரத்தில் பொருத்திய சென்சர்கள் சொல்லும் சூடும் நடுக்கமும் திரையில் இருக்கும் கப்பலுக்கும் வரும். எது பழுதாகப் போகிறதென்று அது முன்கூட்டியே சொல்லும். இதைத் தண்ணீரூற்று என்ற ஊரில், அக்கா வீட்டில் அவள் சமைக்கும் குசினிக்குப் பக்கத்து அறையிலிருந்து செய்கிறேன். போர்க்கப்பலைக் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை.

வேலை தந்த வெளிநாட்டுக் கம்பனி ஒரு நிபந்தனை வைத்தது: முதலில் ஒரு சின்னப் படகுக்குச் செய்து காட்டு, பிறகுதான் கப்பல். முல்லைத்தீவில் மீன்பிடிக்கும் அத்தானைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவருடைய படகு இயந்திரத்தில் சென்சரைக் கட்டினேன்.

திரையில் அத்தானின் படகைப் பார்க்க அக்கா என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்கத் தொடங்கினாள்.

"ஏனடி இவ்வளவு நேரமா இஞ்சின் நிக்குது?"

மீன்கூட்டத்தைத் துரத்தினேன் என்று அளந்துகொண்டிருந்த அத்தான், நடுக்கடலில் கூட்டாளியின் படகோடு படகைக் கட்டிவிட்டுச் சீட்டுக்கட்டை விரித்துக் காட்ஸ் விளையாடியது, நின்ற இஞ்சினைச் சொல்லி அக்கா குடைந்ததில் அன்றைக்கே வெளியில் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் என்னை முறைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் திரையில் படகு பேயாட்டம் ஆடியது. இயந்திரம் கொதித்தது. 'கடும் அலை' என்று சிவப்பில் எழுதி வந்தது. அத்தானின் போனும் வேலை செய்யவில்லை. அழத் தொடங்கிய அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் பறந்தேன்.

கடல் சாதுவாகக் கிடந்தது. அக்கா அதை நம்பவில்லை. என் போனில் தெரிந்த படகைத்தான் நம்பினாள். படித்த நானும் அப்படித்தான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தான் மீனோடு கரையேறினார். அத்தனை பேர் முன்னாலும் அக்கா அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதாள்.

"என்னப்பா, ஆர் செத்தது?"

"உங்கட இஞ்சின் படாத பாடு படுதெண்டு இவள் காட்டினாளே!"

அத்தான் தலையைச் சொறிந்தார். "அந்தச் சென்சரைக் கழட்டி, வயல்காரக் கூட்டாளி ஒருத்தன்ரை லான்ட்மாஸ்டர் உழவு மெஷினிலையெல்லோ கட்டிவிட்டனான். அவன் வயல் உழுறான்."

கரையே சிரித்தது. என் இரட்டைக்குச் சேறும் கடலும் ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறு படகு தர ஆளில்லை. கப்பல் கைவிட்டுப் போனதென்றே நினைத்தேன்.

வீடு வரும்வரை அத்தான் அக்காவின் வீங்கிய கண்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் கடலுக்குப் போகுமுன் என் அறைக் கதவைத் தட்டினார். கையில் சேறு கழுவிய சென்சர்.

"பிள்ளை, இதை எங்கை கட்டவேணும் எண்டு வந்து காட்டு. அவள் பாத்துக்கொண்டிருக்கட்டும்."