அக்காவுக்கு வழி சொன்ன கதை

நான் பார்க்காத நாடு கிடையாது. ஐஸ்லாந்தில் எரிமலை வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். சைபீரியாவில் ஆறுகள் வளைந்து வளைந்து ஓடி, தாங்கள் விட்டுவிட்டுப் போன பழைய பாதையைப் பிறை பிறையாகக் குட்டைகளாக்கி வைத்திருப்பதை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நேரில் போனது எதுவரை என்று கேட்டால், மேற்கே திருவண்ணாமலை, வடக்கே திருப்பதி. திருப்பதி மலைப்பாதையில் பஸ் திரும்பத் திரும்ப என் வயிறும் திரும்பியது. பின் சீட்டில் இருந்தவர் கடைசிவரை என்னிடம் பேசவே இல்லை. அதோடு நேரில் பயணம் செய்வதை நிறுத்திக்கொண்டேன். உலகத்தைக் கம்ப்யூட்டர் மேப்பில் மேலேயிருந்து பார்ப்பதில் குலுக்கலும் இல்லை, பின் சீட்டும் இல்லை.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு வேலைதான் காரணம். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் அட்டைப் பெட்டி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எந்த வண்டி எந்த ஊருக்கு, எந்த வழியாக என்று பார்ப்பது என் வேலை. புதுச்சேரி எல்லையை மேப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியும், யாரோ அப்பளத்தை நொறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். சேதராப்பட்டுக்குப் போகிற வண்டி நடுவில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடியும் புதுச்சேரிக்குள் வரும். அந்தத் துண்டுகளைப் பார்க்க ஆரம்பித்தவன், அப்படியே படத்தைச் சுருக்கிச் சுருக்கி ஐஸ்லாந்துவரை போய்விட்டேன்.

படம் பார்த்து வழி சொல்வதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. ஒருமுறை புதிதாக வந்த டிரைவருக்குச் சேதராப்பட்டுக்குக் குறுக்குவழி கண்டுபிடித்துக் கொடுத்தேன். வயல்களுக்கு நடுவே வெளுப்பாக, நேராக ஒரு கோடு. இவ்வளவு நல்ல ரோட்டை இத்தனை நாள் எவனும் பயன்படுத்தவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"சார், ரோடுன்னு சொன்னீங்க. இதுல வாத்து நீந்துது."

வெயில் பட்டு வெளுத்துத் தெரிந்த வாய்க்கால் அது. அன்றிலிருந்து கம்பெனியில் எனக்கு 'வாத்து சார்' என்று பெயர். முதலாளியே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டிலும் மரியாதை அவ்வளவுதான். எங்கள் வீட்டு மொட்டைமாடியை மேப்பில் கண்டுபிடித்து, அதில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிவதை மனைவிக்குக் காட்டினேன். "பார், நீ வத்தல் காயவச்ச துணி. விண்வெளியிலேருந்து எடுத்திருக்கான்" என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "அது பக்கத்து வீடுங்க. நம்ம வீடு இது. ஒண்ணுமே காயல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பதினாறு வருஷமாகக் குடியிருக்கும் வீடு.

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. அதற்குப் பெரிய காரணம் என் அக்கா.

நான் காலேஜில் படிக்கும்போது அக்கா கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். மாமா சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அப்படிப்பட்ட குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பாரிசுக்கு வெளியே ஒரு ஊரில் குடித்தனம். சில வருஷங்களுக்கு முன் மாமா தவறிப்போனார். பையன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டான். அக்கா தனியாக இருக்கிறாள்.

வாரம் ஒருமுறை பேசுவோம். அங்கே குளிரா, இங்கே மழையா, சாப்பிட்டியா, மூட்டு வலி எப்படி இருக்குது. இந்த நாலு கேள்வி முடிந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வற்றிவிடும். மாமாவைப் பற்றி நான் கேட்க மாட்டேன். கேட்டால் அழுவாளோ என்று பயம். அவளும் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் அவள் ஊரை மேப்பில் பார்க்க ஆரம்பித்தேன்.

"உங்க தெரு முனையில செவப்புக் கூரை போட்டு ஒண்ணு இருக்குதே, அது என்னா கடை?"

"அங்க கடையே இல்லடா. இடிச்சு ரொம்ப நாளாவுது."

"மார்க்கெட்டுக்கு ஏன் பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கறே? உன் வீட்லேருந்து என் சுண்டு விரல் அகலம்தான். நடந்தா மூட்டுக்கும் நல்லது."

"உன் சுண்டு விரலத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நட."

ஒவ்வொரு வருஷமும், "ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன் ரெண்டு பேரும்" என்பாள். "நான்தான் தினமும் வந்துட்டுப் போறேனே அக்கா" என்பேன். பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு நானே சிரிப்பேன். அக்கா சிரித்ததாக ஞாபகம் இல்லை.

போன வசந்த காலத்தில், வசந்தம் அவர்களுக்குத்தான், எங்களுக்குக் கத்திரி வெயில், ஒரு சனிக்கிழமை மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது முற்பகல். புதுச்சேரிக்காரர் ஒருவர் பேத்திக்குக் காது குத்துகிறார், பக்கத்து ஊரில் ஒரு மண்டபம், அதற்குக் கிளம்பியிருக்கிறாள். வழக்கமாகக் காரில் கூட்டிப்போகிற சிநேகிதிக்குக் காய்ச்சல். அக்கா பஸ்ஸில் வந்து, ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கிவிட்டாள்.

"யாரையாவது கேளேன்" என்றேன்.

"யாருமே இல்லடா ரோட்ல."

"போன்ல மேப் இருக்குதே."

"அதப் பார்த்தா எனக்குத் தல சுத்துது. நான் திரும்பினா அதுவும் திரும்புது."

என் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தது இந்தத் தருணத்துக்காகத்தான் என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். காது குத்துப் பத்திரிகையை அக்கா ஏற்கெனவே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள், மண்டபத்தின் விலாசம் அதில் இருந்தது. அவள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் என்ன போர்டு என்று கேட்டேன். எழுத்து எழுத்தாகச் சொன்னாள். கண்டுபிடித்துவிட்டேன்.

"நேரா போ. எடது கைப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் வரும்."

கொஞ்ச நேரம் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமாண்டா, பள்ளிக்கூடம்" என்றாள். குரலில் நிஜமான வியப்பு. நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையணை உறைக்கு மூலை தேடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப சோத்துக் கைப் பக்கம் திரும்பு. சின்ன ரோடு. அப்படியே போனா ஒரு பூங்கா. பூங்கா நடுவுல பூந்து அந்தப் பக்கம் போனா மண்டபம். ரோட்ல சுத்திப் போனா ரொம்ப தூரம்."

திரும்பினாள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வரவரப் பெரிதானது.

"என்னக்கா?"

"ஏத்தம்டா. செங்குத்தா போவுது."

படத்தை உற்றுப் பார்த்தேன். சமமாகத்தான் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாமே சமம்தான். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். ஊருக்கு மேடு பள்ளம் இருக்கும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. மார்க்கெட்டுக்கு நடந்து போ என்று அவளுக்கு நான் எத்தனை தடவை உபதேசம் செய்திருக்கிறேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. "உன் வீட்லேருந்து மார்க்கெட்டுக்குப் போற வழியும் இப்படித்தானா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இதவிட மோசம்" என்றாள்.

கடைசியில் மேலே ஏறிவிட்டாள். பெரிய இரும்புக் கேட் திறந்திருக்கிறது என்றாள். "அதான் பூங்கா. உள்ள போ. நடுவுல நேரா பாத இருக்கும், ரெண்டு பக்கமும் வரிசையா பாத்தி கட்டியிருப்பாங்க" என்றேன். படத்தில் அப்படித்தான் இருந்தது. சின்னச் சின்னச் செவ்வகங்கள், அளவெடுத்த மாதிரி வரிசை, நடுநடுவே மரம், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூவின் நிறம். வெள்ளைக்காரன் பாத்தி கட்டினால்கூட எவ்வளவு ஒழுங்கு என்று ரசித்திருந்தேன்.

உள்ளே போனாள். பறவைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா?"

"ம்."

"பூங்காதானே?"

"தம்பி, இது கல்லற."

மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பட்டுப் புடவை கட்டி, காது குத்துக்குக் கிளம்பிய அக்காவை, புருஷனை இழந்தவளை, கல்லறைக்குள் அனுப்பி வைத்திருக்கிறேன். "சீக்கிரம் அந்தப் பக்கக் கேட்டுக்குப் போயிடு, நேரா போ" என்று அவசரப்படுத்தினேன். அவள் போனாள். அந்தப் பக்கக் கேட் பூட்டியிருந்தது.

"வந்த வழியே எறங்கிடறியா?"

"கொஞ்சம் உக்காந்துக்கறேன்டா. பெஞ்சு இருக்குது. கால் வலிக்குது."

உட்கார்ந்தாள். போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. அவளே பேச ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் கல்லு வச்சு, பேரு எழுதி, பூத்தொட்டி வச்சிருக்காங்கடா. ஒரு பெரியவரு தகரக் குவளையில தண்ணி புடிச்சுட்டு வந்து ஊத்தறாரு. என்னப் பார்த்து பொன்ழூர்னு வணக்கம் சொன்னாரு. உங்க மாமாவுக்கு எங்கயும் ஒண்ணுமில்ல பாரு."

மாமாவை அங்கேயே எரித்து, சாம்பலை இங்கே கொண்டுவந்து கடலில் கரைத்தோம். அவர் அப்படித்தான் கேட்டிருந்தார். நான்தான் கூடப் போயிருந்தேன். அவருக்குப் பிடித்த கடல், நல்லபடியாக முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டோம். அக்கா மறுவாரம் பிளேன் ஏறிப் போய்விட்டாள். போன ஊரில் அவரை நினைத்துக்கொண்டு போய் நிற்க அவளுக்கு ஒரு இடம் இல்லை என்பது எனக்கு உறைத்ததே இல்லை.

"வீட்ல அவரு நாற்காலிய எடுக்கவும் மனசு வரல, பார்த்துக்கிட்டிருக்கவும் முடியல" என்றாள். பிறகு நிறையச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மாமா தமிழில் மட்டுமே பேசியது, நர்சுகளுக்கு இவள் மொழிபெயர்த்தது, அவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதை 'நன்றி சொல்கிறார்' என்று இவள் மாற்றிச் சொன்னது, அந்த நர்ஸ் உருகிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லும்போது சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் படத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தேன். மரம் மறைத்திருந்தது. மனைவி கையை நீட்டிக் கம்ப்யூட்டரை மூடினாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றாள்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். கடைசியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் அக்காவைக் கீழே ரோடுவரை கூட்டிப்போய் மண்டபத்துக்கு வழி காட்டியிருக்கிறார். அவள் போவதற்குள் காது குத்தி முடிந்து, குழந்தை அழுது தூங்கிவிட்டது. சாப்பாடு மட்டும் கிடைத்தது. ஏன் லேட் என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னாள் என்று சாயங்காலம் பயந்துகொண்டே கேட்டேன்.

"எல்லாம் சொல்லிட்டேன். என் தம்பி பாண்டியிலேருந்து வழி சொல்லி என்னக் கல்லறையில உட்டுட்டான்னு. சிரிச்சு சிரிச்சு ஒருத்தருக்குப் பொரையேறிடுச்சு." பிறகு, "நல்லதுதான்டா ஆச்சு" என்றாள்.

அதை நான் ஆறுதல் வார்த்தை என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவளாகவே பஸ் ஏறி அந்தக் கல்லறைக்குப் போயிருக்கிறாள், சரியான நிறுத்தத்தில் இறங்கி, அவ்வளவு ஏற்றம் இல்லாத வேறு வழியாக. யாரும் வராத ஒரு பழைய கல் இருந்ததாம். எழுத்து அழிந்துபோயிருக்கிறது, தொட்டியில் செடி காய்ந்து கிடக்கிறது. பெரியவரைக் கேட்டிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், இறந்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றாராம். அதிலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை போகிறாள். அங்கே உட்கார்ந்துதான் எங்களுக்குப் போன் செய்கிறாள். மாமாவைப் பற்றி இப்போதெல்லாம் தாராளமாகப் பேசுகிறோம். அவர் எப்படிச் சாப்பிடுவார், எதற்கெல்லாம் கோபப்படுவார், எங்கள் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் சண்டை போட்டார் என்று எல்லாம்.

சொந்தக்காரர்களிடம் அந்த இடத்தை நான் கண்டுபிடித்துக் கொடுத்ததாகச் சொல்லி வைத்திருக்கிறாள். கேட்கிறவர்கள், நான் ஆழமாக யோசித்துச் செய்தேன் என்று நினைக்கிறார்கள். சித்தப்பா ஒருவர் போன் செய்து, "உனக்கு இவ்ளோ பக்குவம் இருக்கும்னு நினைக்கலடா" என்று பாராட்டினார். பூங்கா என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் கண்கலங்கிவிட்டதால் விட்டுவிட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். மனைவிதான் போட்டாள். பிளேனில் வாந்தி வராமலிருக்க மாத்திரை உண்டு என்று எங்கள் ஊர்க் கதிர்காமத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டு வந்திருக்கிறாள். பிளேனில் கொண்டை ஊசி வளைவு கிடையாது என்று எனக்கு அவள்தான் தைரியம் சொல்கிறாள்.

போன சனிக்கிழமை அக்கா புதிதாக ஒரு செடி வாங்கி வைத்ததாகச் சொன்னாள். என்ன பூ என்று கேட்டேன். மஞ்சளும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் ஒரு நிறம், பேர் பிரெஞ்சில்தான் தெரியும் என்றாள். அந்தப் பேரை இரண்டு தடவை சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. "குடுங்க இங்க" என்று மனைவி போனை வாங்கிக்கொண்டாள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மண் கெட்டியா பொலபொலப்பா, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் காத்திருந்து பார்த்தேன். போன் திரும்பி வரவில்லை.