ஆக்சிஜன் பத்தாத ஓட்டம்

அந்தப் பயிற்சியாளரை எனக்கு இன்றுவரை பிடிக்காது. காவலர் தேர்வுக்காக, சங்கரன்கோவிலில் அவர் நடத்தும் மையத்தில் சேர்ந்திருந்தேன். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. நானூறு மீட்டர் ஓட்டம்தான் பாக்கி.

பாதி வட்டம்வரை ஒழுங்காக ஓடுவேன். பிறகு தொடை எரியும், கால் தூக்க வராது. ஒரு காலையில் வளைவிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பயிற்சியாளர் விசிலைக் கடித்தபடி வந்து நின்றார்.

"ஏட்டி, நடிச்சது போதும், எந்திரி. உனக்கெல்லாம் யூனிஃபார்ம் ஒரு கேடு!"

கூட ஓடிய பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் விலங்கியல் படித்தவள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "நடிக்கல சார். ஆக்சிஜன் கிடைச்சா செல்லு சர்க்கரைய முழுசா உடைச்சு நிறைய சக்தி எடுக்கும். கிடைக்கலன்னா அரைகுறையா உடைச்சு கொஞ்சூண்டுதான் எடுக்கும், லாக்டிக் அமிலம் சேந்துரும். வேகமா ஓடுனா யாருக்கும் அப்படித்தான். எனக்கு ரொம்ப சீக்கிரமே ஆயிருது. ஏன்னுதான் தெரியல."

"பாடம் நடத்துதா பாரு! டீச்சராப் போவேண்டியதுதான?"

மறுநாள் அரசு மருத்துவமனையில் ரத்தம் பரிசோதித்துக்கொண்டேன். ஹீமோகுளோபின் மிகக் குறைவு. ஆக்சிஜனைச் சுமந்துபோவதே அதுதான். அது இல்லாமல் தசை என்ன செய்யும்? மையத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் கையை நீட்டவே இல்லை.

"பொம்பளைகளுக்கு இதொரு சாக்கு."

அன்றே விலகினேன். அந்த முறை ஓட்டத்தில் தோற்றேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டு, திருவேங்கடம் சாலையில் தனியாக ஓடினேன். அடுத்த தேர்வில் கடைசி வளைவிலும் கால் என் பேச்சைக் கேட்டது. தேறிவிட்டேன்.

தேர்ச்சிப் பட்டியல் வந்த வாரம் சங்கரன்கோவிலில் வந்து இறங்கினால், பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ். அவருடைய மையத்தின் விளம்பரம். நடுவில் என் முகம், கீழே என் பெயர், 'எங்கள் மாணவி'. நேராக மையத்துக்குப் போனேன்.

"சார், என் படத்த எடுங்க."

"என்னம்மா இப்படிச் சொல்லுத? நம்ம பிள்ளைன்னு பெருமையா வச்சிருக்கேன்." அவர் வாயில் நான் இப்போது 'ஏட்டி' இல்லை, 'அம்மா' ஆகியிருந்தேன்.

"நான் உங்க பிள்ளை இல்ல. இன்னைக்கே இறக்கணும்."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். முகத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார். பெயரும் 'எங்கள் மாணவி'யும் அப்படியே இருந்தன. பக்கத்துக் கடைக்காரரிடம் கத்தரிக்கோல் வாங்கினேன்.