லோகநாயகி கேட்ட எட்டு

முப்பது வருடம் ஊருக்கே ஊசி போட்ட நர்ஸ் லோகநாயகிக்கு, தனக்கு ஊசி என்றால் பயம். "தினமும் நடங்க, இல்லாட்டி இன்சுலின்தான்" என்று டாக்டர் சொன்னதும், கடலூரில் தன் தெருமுனைப் பூங்காவின் மேம்பாட்டுக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாகச் சேர்ந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை.

குழு மும்முரமாகத்தான் வேலை பார்த்தது. முகப்பு வளைவில் யார் பெயர் மேலே வருவது என்பதிலேயே இரண்டு மழைக்காலம் போனது. கடைசியில் எட்டும் வந்தது. மரங்களை வெட்டி, கார் போகும் அகலத்தில், வழவழவென்று சிமென்ட்டில்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போனால், எட்டின் மேல் பைக்குகள் வரிசை கட்டி நின்றன. டிரைவிங் ஸ்கூல் அன்புமணி கையசைத்தார். "நர்சம்மா, ஓரமா போங்க! பசங்க லைசென்ஸுக்கு எட்டு போடுறாங்க."

"இது நடக்குறதுக்குப் போட்டதுப்பா."

"அப்படின்னு எங்கயும் எழுதலியே!"

உண்மைதான். வளைவில் பெயர்களுக்கே இடம் போதவில்லை.

சில நாள் ஓரமாக நின்று பார்த்தார் லோகநாயகி. பிறகு, சும்மா நிற்பானேன் என்று அவரும் வரிசையில் சேர்ந்தார். லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. இன்சுலின் வாங்க இப்போது ஸ்கூட்டரில்தான் போகிறார்.