ஒன்பதரைப் புள்ளி வாங்கிய அட்டை

மில்லிக்கன் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்தில், கேளாமலேயே எங்கள் வாசல் பனியையும் சேர்த்து அள்ளியவர். கடைசிச் சில வருடங்களாக அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. நேரே பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது, ஓரங்கள் மட்டும் தெரியும். இனித் தனியாக இருக்க முடியாது என்று, விட்பி நகரில் இருக்கும் அண்ணனோடு போய் இருப்பதாக முடிவெடுத்தார்.

போவதற்கு முன் என்னிடம் ஒரு உதவி கேட்டார். சின்ன வயதில் சேர்த்த, பேஸ்போல் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் இரண்டு சப்பாத்துப் பெட்டிகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றும் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். விற்கிற எண்ணம் இல்லை. நல்லவற்றைத் தன்னோடு கொண்டுபோய், மற்றவற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறார். அட்டையைப் படம் எடுத்தால் நிலையைச் சொல்லும் செயலிகள் வந்திருக்கின்றன என்று வானொலியில் கேட்டிருந்தார். படம் எடுக்கக் கண் தெரிந்த ஒரு ஆள் போதும் என்றார்.

எனக்குப் பேஸ்போல் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்தச் செயலிக்கும் அது தேவைப்படவில்லை. கறுப்புத் துணியில் அட்டையை வைத்து, வெளிச்சம் பட்டு மினுங்காமல், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுக்க வேண்டும். உடனே அட்டையைச் சுற்றிப் பச்சைக் கோடுகள் ஓடும். படம் நடுவில் இருக்கிறதா என்று நான்கு பக்க வெள்ளைக் கரையையும் அளக்கும். மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு என்று பத்துக்கு எத்தனை எனத் தனித்தனியே புள்ளி போடும். மூக்குக் கண்ணாடியோடு நான் தேடியும் காணாத ஒரு மடிப்பை அது சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியபோது உண்மையில் அசந்துபோனேன்.

சனிக்கிழமைகளில் நான் புள்ளிகளை வாசிப்பேன். அவர் சாப்பாட்டு மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். விளையாட்டு வீரரின் பெயரைச் சொன்னால் போதும், அட்டையின் கதை வரும். ஒன்று காற்சட்டைப் பையில் இருந்தபடியே சலவைக்குப் போனது. இன்னொன்றின் மூலையை நாய் கடித்தது. செயலி சொல்லும் ஒவ்வொரு பழுதுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. சில வருடங்களாகக் கண்ணால் பார்க்க முடியாத அட்டைகளை அவர் அப்படித் திரும்பப் பார்த்தார்.

மூன்றாவது சனிக்கிழமை என் மச்சாளும் கூட வந்தார். என் கணவரின் தமக்கை, எங்களோடுதான் இருக்கிறார். மார்க்கம் நகரில் லேபிள் அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. வெட்டும் இயந்திரத்திலிருந்து வரும் தாள்களில் பிழை பார்ப்பதுதான் அவருடைய பொறுப்பு. அன்று சும்மா பொழுதுபோக்குக்கு வந்தவர்.

கடைசியாக ஒரு அட்டை இருந்தது. பந்து எறிபவர் ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும் படம். தன்னிடம் உள்ளதில் அதுதான் திறம் என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். செயலி ஒன்பதரை போட்டது. அதை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

மச்சாள் அட்டையை விளிம்பில் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பிறகு அதே வருடத்து வேறொரு அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"உது ஓரம் வெட்டின அட்டை," என்றார் தமிழில்.

"ஃபோன் அப் ஒன்பதரை எண்டெல்லோ சொல்லுது, மச்சாள்."

"அப்புக்குப் படம்தானே தெரியும். அளவு எப்பிடித் தெரியும்? நீர் உந்த அட்டையை மற்றதுக்கு மேல வைச்சுத் தடவிப் பாரும்."

தடவிப் பார்த்தேன். நான்கு பக்கமும் ஒரு மயிரிழை குறைவு. மற்ற அட்டைகளின் விளிம்பில் மெல்லிய தும்பு இருந்தது. நூற்றுக்கணக்கில் அடுக்கி இயந்திரத்தில் வெட்டினால் அப்படித்தான் வரும் என்றார் மச்சாள். இதன் விளிம்போ சவர அலகால் சீவியது போல வழவழவென்றிருந்தது. நான்கு பக்கமும் ஒரே அளவாகச் சீவியதால் படம் நடுவிலேயே இருந்தது. புது மூலைகள் கூராக இருந்தன. அதனால்தான் அத்தனை புள்ளி.

வீட்டை விட்டுப் போகிற மனிதர், இதைச் சொல்லாமல் விடுவோம் என்றேன் நான். மச்சாள் கேட்கவில்லை. "என்ன நிலையில இருக்கு எண்டுதானே அந்தாள் கேட்டவர்? அதைத்தான் சொல்ல வேணும்."

நாங்கள் குசுகுசுப்பதை அவர் கவனித்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். மச்சாள் தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு அட்டைகளையும் அவருடைய கையில் வைத்து, பெருவிரலைப் பிடித்து விளிம்பு வழியே மெதுவாக ஓட்டிக் காட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது. அது தன் கையை விட்டுப் போனது ஒரே ஒரு தடவைதான், தனக்கு ஒன்பது வயதில் அண்ணன் ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினான் என்றார். பிறகு அண்ணனுக்கு ஃபோன் எடுத்துத் தரச் சொன்னார். அட்டையைப் பற்றிக் கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விட்பியிலிருந்து வந்தார், ஊன்றுகோலோடு. எங்களையும் இருக்கச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னார். அந்த அட்டையை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் சைக்கிளின் பின்சில்லில் செருகி ஓடியிருக்கிறார். கம்பிகளில் பட்டு மோட்டார் சைக்கிள் போலச் சத்தம் வரும். தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூலைகளின் நுனி நைந்துவிட்டது. தம்பி அழுவான் என்ற பயத்தில், தகப்பனின் சவர அலகையும் கோடு போடும் இரும்பு அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போயிருக்கிறார்.

தம்பி கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது ஒரு கேள்விதான். இவ்வளவு நேராக வெட்ட எங்கே பழகினாய்?

தன்னுடைய அட்டைகளில் என்றார் அண்ணன். ஆறு அட்டைகளை வெட்டிப் பழுதாக்கிய பிறகுதான் தம்பியின் அட்டையில் கை வைத்தாராம்.

தம்பி மேசையில் கையை நீட்டி, தடவித் தடவி அண்ணனின் கையைத் தேடிப் பிடித்தார்.

மச்சாள் என் பக்கம் திரும்பி, "வெட்டினது பிழைதான். ஆனால் வடிவா வெட்டியிருக்கிறார் எண்டு சொல்லும்," என்றார். சொன்னேன். அண்ணன் எழும்பி, இருபது வருடம் தாள் பார்த்த அந்தக் கைகளை மரியாதையாகக் குலுக்கினார்.

செயலியில், மாற்றம் செய்யப்பட்டது என்று பதிய ஒரு இடம் இருந்தது. அதைப் பதியச் சொன்னார் தம்பி. பதிந்ததும் ஒன்பதரை மறைந்து, புள்ளி இருந்த இடம் வெறுமையானது. அந்த அட்டையை இருந்ததிலேயே தடித்த உறைக்குள் போடச் சொன்னார்.

அடுத்த கிழமை அண்ணனின் கார் அவரை ஏற்ற வந்தது. ஏறுவதற்கு முன் அவர் மச்சாளிடம், தன் வாழ்நாளில் சந்தித்தவர்களுள் மிகக் கூர்மையான கண் உன்னுடையது என்றார். சரியாகக் கேட்கவில்லை, என்ன சொன்னவர் என்று மச்சாள் என்னிடம் கேட்டார். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழில் இன்னொரு தரம் சொன்னேன்.