அன்னக்கொடி டீச்சரின் காப்புரிமை

“அண்ணே, இந்த மணிக்கயித்த மொதமொத கட்டுனவன் யாரு?” என்று சோழவந்தான் பஸ்ஸில் கண்டக்டரைப் பிடித்துக்கொள்கிறார் அன்னக்கொடி டீச்சர். கண்டக்டர் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: “யாரோ ஒருத்தன் டீச்சர். எந்திரிங்க, உங்க எடம் வந்துருச்சு.” இடம் வர இன்னும் இரண்டு மைல் இருக்கும்.

‘யாரோ ஒருத்தன்’ என்ற பேச்சே டீச்சருக்கு ஆகாது. ஊக்கு, பம்பரம், தீப்பெட்டி என்று எதைக் கையில் எடுத்தாலும், அதன் பின்னால் பெயர் இல்லாத ஓர் ஆள் நின்று தன்னை முறைப்பதாகவே அவருக்குத் தோன்றும். வீட்டில் இட்லித் தட்டின் குழிகளை எண்ணியபடி, “இது யாரு யோசனையா இருக்கும்?” என்று கேட்டால், மின்சார வாரியத்தில் வேலை பார்க்கும் கணவர், “பசி என்னோடது. மொதல்ல இட்லிய வையி” என்பார்.

எல்லாம் எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் தொடங்கியது. அறிவியல் ஆசிரியர்களுக்கு மதுரையில் நடந்த பயிற்சியில் ஒருவர் காப்புரிமையைப் பற்றிப் பேசினார். மற்றவர்கள் வடை வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் திரும்பினார்.

“புதுசா ஒண்ண நீயா யோசிச்சுச் செஞ்சா, அது உன்னோடதுன்னு சர்க்காரே எழுதிக் குடுக்கும். அதுக்குப் பேரு காப்புரிமை” என்றார் ஏழாம் வகுப்பில். நல்லகாமன் என்ற பையன் எழுந்து, “காப்புக் கட்டுனா பொங்க வைக்கணுமா டீச்சர்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவிய நூற்கண்டோடு வந்துவிட்டார். அன்று முதல், புதிதாக எதையாவது யோசித்துச் செய்த பிள்ளையின் மணிக்கட்டில் காப்பு ஏறியது. அந்த யோசனையை வேறு யார் பயன்படுத்தினாலும் அதன் சொந்தக்காரர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மறுவாரமே நல்லகாமனின் தாய் பாண்டியம்மாள் வந்து நின்றாள். “டீச்சரம்மா, இவன் கையில காப்போட வந்து நிக்கிறான். அடுப்புல கருவாட்டுக் கொழம்பு கொதிக்குது. கவிச்சி திங்கலாமா கூடாதா, ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“இது அறிவியல் காப்பும்மா. தாராளமாத் திங்கலாம்.”

“சாமி குத்தம் ஆயிராதே?”

“அடுத்தவன் யோசனையத் தன்னோடதுன்னு சொன்னாத்தான் குத்தம்.”

நல்லகாமன் காப்பு வாங்கிய கண்டுபிடிப்பு, தாமதமாக வந்தால் சொல்ல வேண்டிய காரணம்: “மாடு அத்துக்கிட்டு ஓடிருச்சு.” ஒருநாள் முத்திருளன் அதையே சொல்லிக்கொண்டு நுழைந்தபோது, நல்லகாமன் ஆட்சேபித்தான். டீச்சர் வெகுநேரம் யோசித்து நல்லகாமன் பக்கமே தீர்ப்புச் சொன்னார். உண்மையில் முத்திருளன் வீட்டு மாடு அன்று ஓடித்தான் போயிருந்தது. பாவம், அவன் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு வந்தது தங்கப்பொண்ணின் பானை. வேப்பமரத்தடியில் இரண்டு கவட்டைக் கம்புகளுக்கு நடுவே சிறு பானையைத் தொங்கவிட்டு, அதன் கழுத்திலிருந்து ஒரு கயிற்றைத் தரையில் கிடக்கும் குச்சியோடு கட்டியிருந்தாள் அவள். குச்சியை மிதித்தால் பானை சாயும், தண்ணீர் விழும். பானையில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. டீச்சர் சந்தோஷத்தில் காப்பை இரண்டு சுற்றாகச் சுற்றிக் கட்டினார். பள்ளிக்கூடமே “தங்கப்பொண்ணு பேரால” என்று சொல்லித் தண்ணீர் குடித்தது. தலைமையாசிரியர் தவசியும், டீச்சர் பக்கத்தில் நின்று பார்ப்பதால், முணுமுணுத்துவிட்டுத்தான் குடித்தார்.

கல்வி அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் மரத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘தலைமையாசிரியர் திரு. தவசி அவர்களின் புதிய யோசனை.’

“சார், இது அந்தப் பிள்ளையோடது.”

“பான பள்ளிக்கூடத்துது. கயிறு நான் வாங்கிக் குடுத்தது. அப்புறம் யோசனை மட்டும் தனியா எங்க இருக்கு டீச்சர்?”

“பிள்ள மண்டையில சார்.”

தவசி தாடையைத் தடவினார். “ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊர்ல டீச்சரே இல்லையாம். யாரையாச்சும் அனுப்பச் சொல்றாங்க.”

டீச்சருக்குப் புரிந்தது. கணவருக்கு மதுரையில் வேலை, இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கின்றன. அன்று பஸ்ஸில் அவர் எதையும் கேட்கவில்லை. கண்டக்டர்தான் பயந்துபோய், “ஒடம்புக்கு முடியலையா டீச்சர்?” என்றார்.

அதிகாரி வந்தார். தவசி அவரை நேராகப் பானையிடம் அழைத்துப்போய், பலகையைக் காட்டி, “எல்லாம் நானா யோசிச்சது சார்” என்று குச்சியில் காலை வைத்தார். வைத்த வேகத்தில், பழகிப்போன வாய், “தங்கப்பொண்ணு பேரால” என்றது.

“யாரது தங்கப்பொண்ணு?”

“அது... இந்தப் பக்கத்துச் சாமி சார்.”

அதிகாரி சட்டென்று செருப்பைக் கழற்றினார். டீச்சருக்கு ராமநாதபுரம் ஒருமுறை கண்ணில் வந்து போனது. “சாமி இல்ல சார். ஏழாம் வகுப்பு. கூப்பிடவா?” என்றார்.

வந்து நின்ற பிள்ளையிடம் அதிகாரி, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்.

“எங்க தெருப் பிள்ளைக பானையத் தொட மாட்டோம் சார். யாராச்சும் மொண்டு ஊத்துற வரைக்கும் கையக் குவிச்சுக்கிட்டு நிக்கணும். கால் சும்மாதான இருந்துச்சு.”

டீச்சர் அவள் மணிக்கட்டுக் காப்பைப் பார்த்தார். யோசனை யாருடையது என்று ஊரெல்லாம் கேட்டவர், அது ஏன் வந்தது என்று இந்தப் பிள்ளையிடம் கேட்டதே இல்லை.

அதிகாரி பலகையைப் பார்த்தார். “பேரு தப்பா இருக்கே. பெயின்டர் தப்பா?”

“பெயின்டர் தப்புதான் சார்” என்றார் தவசி, அவசரமாக.

அன்று மாலையே பெயின்டர் வந்து பழைய எழுத்தை அழித்து, ‘யோசனை: தங்கப்பொண்ணு, ஏழாம் வகுப்பு’ என்று எழுதினான். அடியில் பொடி எழுத்தில் ‘மேற்பார்வை: தவசி’ என்று ஒரு வரியும் சேர்ந்தது. அதை டீச்சர் விட்டுவிட்டார். ராமநாதபுரத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

பெயின்டர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. தெருமுனையில் மதுரை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. டீச்சர் குடையை விரித்து, எட்டிப் பலகைக்கு மேலே பிடித்துக்கொண்டார். தலை நனைய, மறு கையால் பஸ்ஸைப் போகச் சொன்னார்.