முகத்தை மூடிக்கொண்டு போன தபால்காரி

டிம்ப்னா கில்பிரைடு இருபத்தாறு வருஷமாக அந்த மலையடிவாரத்து நாற்பது வீடுகளுக்கும் தபால் கொடுக்கிறவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது வெறுமனே சீன் போடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனிதர்களும் அப்படித்தான். இருட்டில் செருமினால் போதும், ஆளைச் சொல்லிவிடுவாள்.

அந்தத் திறமைதான் வினையாகிவிட்டது. அயர்லாந்தின் அந்தப் பக்கத்தில் ஹாலோவீன் என்றால் வளர்ந்தவர்களும் வேஷம் கட்டுவார்கள். முகத்தை மூடிக்கொண்டு, வாயே திறக்காமல், அடுத்தவர் அடுப்படியில் போய் உட்கார வேண்டும். வீட்டுக்காரர்கள் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் முகத்தைக் காட்டியாக வேண்டும். அதுவரை ராஜ உபசாரம். அன்றைக்கு மட்டும் முகமூடியோடு வருகிற யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது.

இரண்டு வருஷம் முன்பு டிம்ப்னாவின் வீட்டுக்குள் வைக்கோல் முகமூடி ஒன்று நுழைந்தது. அது திரும்பி நின்றதுதான் தாமதம், கூடம் நிறைய ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பாராமல் டிம்ப்னா சொன்னாள்:

"இந்தப் பின்பக்கத்தை மூணு ஊர் தள்ளி நின்னாலும் எனக்குத் தெரியும். நம்ம அட்ராக்டாதான்."

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அட்ராக்டாவைத் தவிர. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டாள். அவள் அடுப்படியில் தினம் பதினொரு மணிக்குக் கிடைத்த டீயும் நின்றது. தபாலோடு யாரும் உள்ளே வராதபடி அவள் வீட்டு கேட்டில் புதிதாகத் தபால்பெட்டி ஒன்று முளைத்தது. மன்னிப்புக் கேட்க டிம்ப்னா மூன்று தடவை போனாள், கதவு திறக்கவில்லை. மற்ற முப்பத்தொன்பது வீட்டு டீயும் அவளுக்கு வெந்நீராகத்தான் இறங்கியது.

அதனால் இந்த ஹாலோவீனுக்கு அவளே வேஷம் கட்டினாள். அப்பாவின் பழைய கோட்டு, முகத்துக்கு லேஸ் திரை, நடை தெரியாமல் இருக்க ஒரு ஷூவுக்குள் கூழாங்கல். நொண்டிக்கொண்டே போய் அட்ராக்டாவின் கதவைத் தட்டினாள். கண்டுபிடித்தால் எல்லார் முன்பும் வெளியே போகச் சொல்வாள் என்பது நிச்சயம்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நாய் வந்தது. ஊரையே குரைத்து விரட்டுகிற நாய், தினமும் கேட்டில் பிஸ்கட் கொடுக்கிறவளின் பாதத்தில் வாலாட்டிப் படுத்துக்கொண்டது. டிம்ப்னாவுக்கு உயிரே போய்விட்டது.

அட்ராக்டா நாயைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். "வயசாயிடுச்சு இந்த நாய்க்கு. கண்டவங்க கால்லயும் விழுது" என்றாள்.

பிறகு ஆரம்பித்தாள். கசாப்புக்கடைக்காரரா என்றாள். பாதிரியாரின் சமையல்காரியா என்றாள். பக்கத்துப் பண்ணைக் காளை கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சொன்னாள், ஒரே ஒரு பெயரைத் தவிர. அவள் கணவன் ஃபின்டன் பொறுக்க முடியாமல், "அடியே, இது நம்ம தபா..." என்று தொடங்கினான். மேஜைக்கு அடியில் விழுந்த உதையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

"வாயில்லாத ஜீவன், பாவம், பசியோட வந்திருக்கு" என்று சொல்லி, திராட்சை ரொட்டியில் செங்கல் பருமனுக்கு ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். கொதிக்கக் கொதிக்க டீயும் வைத்தாள். திரையைத் தூக்கினால் முகம் தெரிந்துவிடும். டிம்ப்னா லேஸ் வழியாகவே உறிஞ்சினாள். திரை நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது. அட்ராக்டா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டீ இரண்டு வருஷத்துக்கு முன்பு இருந்த அதே ருசியில் இருந்தது. திரைக்குள் டிம்ப்னா அழுதது வெளியே தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தாள். அட்ராக்டா கையை விரித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று தோல்வியை ஒப்புக்கொண்டாள். டிம்ப்னா வாசற்படியைத் தாண்டினாள். தாண்டிய பிறகு சொல்கிற பெயர் ஆட்டத்தில் சேராது.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது: "இந்தப் பின்பக்கத்தை நாலு ஊர் தள்ளி நின்னாலும் எனக்குத் தெரியும்டி."

மறுநாள் பதினொரு மணிக்குப் போனால், கேட்டிலிருந்த பெட்டியின் வாய் நிறைய வைக்கோல் அடைத்திருந்தது. கடிதத்தைப் போட வழியில்லை. டிம்ப்னா கேட்டைத் திறந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.